வாத்துக்குக் குரல் கொடுத்தவள்

என் வயதுடையவர்கள் நாலு பேர் சேர்ந்தால், சிறுவயதில் பார்த்த கார்ட்டூன்களைப் பற்றிய பேச்சு வராமல் போகாது. யாராவது ஒருவர் ஒரு தொடக்கப் பாட்டை முணுமுணுப்பார். மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். இரண்டாவது அடிக்குள் எல்லோருக்கும் எட்டு வயது ஆகிவிடும். அப்போதெல்லாம் நான் வெறுமனே வாயசைத்துக்கொண்டிருப்பேன். எனக்கு அந்தப் பாட்டுகளில் ஒன்றுகூடத் தெரியாது. எங்கள் வீட்டில் தொலைக்காட்சி இல்லாமலில்லை. பள்ளி விட்டு வந்த மாலைகளையெல்லாம் நான் அதன் முன்னால்தான் கழித்தேன். ஆனால் அந்த நேரத்தில் எங்கள் தொலைக்காட்சிக்குக் குரல் கிடையாது.

கல்லூரி விடுதியில் ஒருமுறை, பேருந்து ஓட்டும் கரடியும் எப்போதும் தாமதமாக ஓடிவரும் வாத்தும் கொண்ட ஒரு தொடரைப் பற்றித் தோழிகள் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்த ஒன்று அகப்பட்டுவிட்ட மகிழ்ச்சியில், "அந்த ஒட்டகச்சிவிங்கி சூப்பர்வைசர் வாத்துக்கு அரைநாள் சம்பளத்த வெட்டுமே, அதானே?" என்று கேட்டேன். அறையே சிரித்தது. "சூப்பர்வைசரா? அது ஜோசியக்காரர்டி! வாத்து புதையல் தேடிப் போகும், அது நாள் பார்த்துச் சொல்லும்" என்றாள் ஒருத்தி. நம்பாத எனக்கு அவள் தன் கைபேசியில் ஒரு பகுதியைத் தேடியெடுத்துப் போட்டுக் காட்டினாள். படம் நான் பார்த்த அதே படம்தான். வாத்து கரகரத்த ஆண்குரலில் புதையலைப் பற்றிப் பீற்றிக்கொண்டிருந்தது. அது என் வாத்து அல்ல. என் வாத்து தென்காசிப் பக்கத்துத் தமிழ் பேசியது. ஒரு பெண்ணின் குரலில், கிசுகிசுப்பாகப் பேசியது. அந்தக் குரல் என் சித்தியுடையது.

நாங்கள் அப்போது படப்பையில், ஒரகடம் செல்லும் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு வரிசையாக நின்ற வீடுகள் அவை. ஒவ்வொன்றுக்கும் ஓர் அறையும் ஒரு சமையல் மூலையும் உண்டு. அப்பா வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருந்தார். நைட் ஷிப்டுக்குக் கூடுதல் படி உண்டென்பதால் மற்றவர்கள் தட்டிக்கழித்த இரவுகளையும் அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். ஆகவே ஊர் விழித்திருக்கும் பொழுதெல்லாம் அவர் உறங்கினார். ஒற்றை அறையில் ஒருவர் உறங்கும்போது மற்றவர்கள் அனைவரும் அந்த உறக்கத்துக்குள்தான் குடியிருக்க வேண்டியிருக்கிறது.

அந்த வரிசை வீடுகளில் இதற்கென ஒரு வழக்கமே உருவாகியிருந்தது. கதவுக்கு வெளியே சேஃப்டி ஷூ கிடந்தால் உள்ளே நைட் முடித்த ஆள் உறங்குகிறார் என்று பொருள். கீரை விற்பவர்கூட அந்த வாசலில் குரல் கொடுக்காமல் கடந்து போவார். வீட்டுக்குள் நாங்கள் கைகளால் பேசினோம். கட்டைவிரலை உதட்டில் வைத்தால் தண்ணீர். உள்ளங்கையைக் கவிழ்த்து அசைத்தால் அடுப்பைக் குறை. அம்மாவின் கோபத்துக்குக் கை தேவைப்படவில்லை, கண்களே போதும். பள்ளியில் எழுத்து கற்பதற்கு முன்பே நான் இந்த மொழியில் தேறியிருந்தேன்.

தொலைக்காட்சி வீட்டுக்காரம்மாவுடையது. அரசு கொடுத்த வண்ணத் தொலைக்காட்சி அவர் வீட்டில் உபரியாகிவிடவே, அதை எங்கள் அறையில் வைத்துவிட்டு, அந்த உபகாரத்தை வாடகையில் சேர்த்துக்கொண்டார். ஒருநாள் ஜன்னல் வழியே எட்டிப்பார்த்த அவர், நானும் சித்தியும் திரையைப் பார்த்தபடி மூச்சுவிடாமல் உட்கார்ந்திருப்பதைக் கண்டு அம்மாவிடம் கேட்டார்: "இன்னாமே, டிவி பாக்குதுங்களா, சாமி கும்புடுதுங்களா? சத்தமே வர்ல. ரிப்பேரா கீதா?" அம்மா வாசலில் கிடந்த ஷூவைச் சுட்டிக்காட்டினார். "அய்ய, அந்தாளு தூங்கறாரா? நான் ஒருத்தி, ஊரக் கூட்டிகினு!" என்று வாயைப் பொத்திக்கொண்டு அவர் நகர்ந்தார். ரிமோட்டில் ஒரு பொத்தானை அமுக்கினால் திரையின் மூலையில் பச்சை எழுத்தில் 'மியூட்' என்று ஒளிரும். நான் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆங்கிலச் சொல் அது. நிகழ்ச்சியின் பெயரே அதுதான் என்று நெடுநாள் நம்பியிருந்தேன்.

சித்தி என் அம்மாவின் தங்கை. எங்களோடு தங்கி, வல்லம் வடகால் பக்கத்தில், தகடுகளை அழுத்தி உருவம் கொடுக்கும் பிரஸ் இயந்திரங்கள் நிறைந்த ஒரு சிறு தொழிற்சாலையில் பயிற்சித் தொழிலாளியாக வேலை பார்த்தாள். விடியும் முன் கம்பெனி பஸ் ஏறினால், நான் பள்ளி விட்டு வரும் நேரத்தில் அவளும் திரும்பியிருப்பாள். பயிற்சிக் காலம் முடிந்ததும் அப்படிச் சேர்ந்தவர்களில் சிலரை மட்டும் நிரந்தரமாக்குவார்கள். பர்மனென்ட் என்ற அந்தச் சொல்லில்தான் அவளுடைய எதிர்காலம் முழுவதும் அடங்கியிருந்தது. பர்மனென்ட் ஆனால் இங்கேயே இருக்கலாம், அஞ்சல் வழியில் பட்டம் படிக்கலாம். ஆகாவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டும். ஊரில் தாத்தா அவளுக்கென ஒரு மாப்பிள்ளையைப் பேசி வைத்திருந்தார். அந்த மனிதரைப் பற்றிச் சித்தி சொன்ன ஒரே கருத்து, "அவரு சிரிச்சா எனக்குப் பயமா இருக்கு" என்பதுதான்.

மாலையில் நாங்கள் சுவரில் சாய்ந்து தோளோடு தோளாக உட்காருவோம். திரையில் வாத்து வாயைத் திறந்ததும் சித்தி என் காதில் பேசத் தொடங்குவாள்.

"அண்ணாச்சி, அண்ணாச்சி, பஸ்ஸ நிப்பாட்டுங்க!"

கரடி திரும்பிப் பார்க்கும். சித்தியின் குரல் தடிக்கும். "ஏலே வாத்து, நேத்தும் லேட்டு, இன்னைக்கும் லேட்டு. ஒனக்காவ கம்பெனி பஸ்ஸு நிக்குமாலே?"

"முட்டை போட்டுட்டு வாரதுக்குள்ள நேரமாயிட்டு அண்ணாச்சி."

"முட்டை போட லீவு லெட்டர் குடுத்தியா?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். சிரிக்கவும் கூடாது. பாவாடை நுனியை வாயில் திணித்துக்கொண்டு குலுங்குவேன். "ஏட்டி, வாளா இரு. அத்தான் எந்திச்சிருவாவ" என்று அவளும் சிரிப்பை அடக்கியபடி என் தொடையில் தட்டுவாள். எட்டிப்பார்க்கும் நீண்ட கழுத்துடைய ஒட்டகச்சிவிங்கிதான் சூப்பர்வைசர். மரத்தடியில் கூடும் முயல்கள் கேண்டீனில் சாம்பாரைக் குறைசொல்பவர்கள். இவையெல்லாம் கதையில் உள்ளவை என்றே நான் நினைத்தேன். வாத்து எப்போது பர்மனென்ட் ஆகும் என்று அவளை நச்சரித்தபடியே இருப்பேன். "நான் ஆவும்போது அதுவும் ஆவும். ரெண்டு பேருக்கும் ஒரே ஆர்டர்தான்" என்பாள்.

சித்தியிடம் எனக்கு மிகவும் பிடித்த குணம் ஒன்று உண்டு. அவள் காதோடு வாய் வைத்து எதைக் கேட்டாலும் மறுக்க மாட்டாள். இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கொள்ளட்டுமா? புன்னகை. "சரிட்டி." வீட்டுப்பாடத்தை நாளைக்கு எழுதட்டுமா? "சரிட்டி." முகத்துக்கு நேரே நின்று சாதாரணமாகக் கேட்டால் அதே சித்தி, "எத்தன பிஸ்கட்டு திம்ப? வயிறு வலிக்கும்" என்பாள். ஆகவே முக்கியமான விண்ணப்பங்களை நான் கிசுகிசுப்பாகவே சமர்ப்பித்தேன். பெரியவர்களிடம் காரியம் சாதிக்கும் வழியைக் கண்டுபிடித்துவிட்டதாக எனக்குள் ஒரு பெருமிதம்.

கம்பெனியில் காதை அடைத்துக்கொள்ள, நூலால் இணைத்த ஆரஞ்சு நிற ரப்பர் அடைப்பான்கள் கொடுப்பார்கள். சித்தி அவற்றை எனக்குக் கொண்டுவந்து தருவாள். என் பொம்மைக்கு அவை தோடுகள் ஆயின. "நீ போட்டுக்க மாட்டியா?" என்று கேட்டதற்கு, "அத மாட்டுனா லைன்ல கூப்பிடுதது கேக்காது. சூப்பர்வைசர் ஏசுவாரு" என்றாள். அவள் அணியாததால் அவை என்னிடம் வந்தனவா, நான் ஆசைப்பட்டதால் அவள் அணியவில்லையா என்று பின்னாளில் பலமுறை யோசித்திருக்கிறேன். முதலாவதுதான் உண்மை என்று அறிவு சொல்கிறது. பொம்மையை நினைத்தால் அறிவு கொஞ்சம் தடுமாறுகிறது.

ஒருமுறை அப்பா உறவினர் திருமணத்துக்காக ஊருக்குப் போயிருந்தார். வாசலில் ஷூ இல்லை. வீடு முழுவதும் எங்களுக்கே என்ற துணிச்சலில் நான் பச்சை எழுத்தை அணைத்து, முதன்முறையாகச் சத்தத்தைத் திறந்தேன். வாத்து ஓர் ஆண்குரலில் கரகரத்தது. நான் திகைத்துச் சித்தியைப் பார்த்தேன். அவள் திரையையே உற்றுப் பார்த்தபடி, "என்ன சொல்லுதுட்டி?" என்று கேட்டாள்.

"உனக்குத் தெரியாதா? நீதானே டெய்லி சொல்லுவ?"

சிறிது நேரம் அவள் என் உதடுகளைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "அதுக்குத் தமிழ் சரியா வரல. நான் சொல்லுததுதான் சரி. நீ சத்தத்த நிப்பாட்டு." எனக்கும் அதுவே நியாயமாகப்பட்டது. சத்தத்தை மீண்டும் அணைத்தேன். வாத்து வீடு திரும்பிவிட்டதைப் போல ஓர் ஆறுதல் ஏற்பட்டது.

அந்த ஆண்டு ஆயுத பூஜைக்குச் சித்தியின் தொழிற்சாலையில் குடும்பத்தினரையும் அழைத்திருந்தார்கள். அம்மாவும் நானும் புதுத் துணி உடுத்திக்கொண்டு போனோம். நிறுத்தப்பட்டிருந்த இயந்திரங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, மாவிலை கட்டி, வாழைக்கன்றுகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். தன்னுடைய பிரஸ்ஸைச் சித்தி எனக்குக் காட்டிய விதத்தில், அது அவளுக்குச் சொந்தமானது என்றே நினைத்தேன். கொட்டகையின் மறுகோடியில் நின்ற ஓர் அக்கா கட்டைவிரலை உதட்டில் வைத்துக் காட்டினாள். சித்தி உடனே தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு போனாள்.

"அம்மா, நம்ம வீட்டுப் பாஷை அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

அங்கே வந்த அந்த அக்காதான் பதில் சொன்னாள்: "மெசினு ஓடச்சொல்ல இங்க வாயால பேசவே முடியாது பாப்பா. கையாலதான் பேசிக்குவோம். உங்க சித்திதான் இதுல லீடரு." சத்தம் எழுப்ப அஞ்சிய எங்கள் வீடும் சத்தத்தில் மூழ்கிக்கிடந்த அந்தக் கொட்டகையும் ஒரே மொழியைப் பேசின.

பூஜையின் முடிவில், வழக்கப்படி ஓர் இயந்திரத்தை மட்டும் ஒரே ஓர் அடி ஓட்டினார்கள். எலுமிச்சம்பழத்தின் மீது பிரஸ் இறங்கியது. அது என் நெஞ்சுக்குள் இறங்கியதுபோல் இருந்தது. அம்மா காதைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார். வந்திருந்த குழந்தைகள் ஒன்றாக அழத் தொடங்கினார்கள், நான் உட்பட. கண்ணீரினூடே நிமிர்ந்து பார்த்தேன். வரிசையாக நின்ற பெண்களில் ஒருத்தியும் அசையவில்லை. சித்தி பொரிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். இமைகூட ஆடவில்லை. விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன், என் சித்திக்குப் பயம் என்பதே கிடையாது என்று.

அதன்பின் சில வாரங்களில், நிரந்தரமாக்குவதற்கு முன்பான மருத்துவப் பரிசோதனை வந்தது. அன்று அம்மா விளக்கேற்றி, அவளுக்குத் திருநீறு பூசி அனுப்பினார். மாலையில் சித்தி திரும்பியபோது அம்மா புருவத்தை உயர்த்தி என்ன ஆயிற்று என்று கேட்டார். சித்தி கையை விரித்துக் காட்டிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். திரையில் வாத்து ஒரு மரப்பொந்துக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தது. வழக்கமான கிசுகிசுப்பு தொடங்கியது.

"இன்னைக்கு வாத்துக்கு மெடிக்கல். பாத்தியா, ஒரு சின்னப் பொட்டிக்குள்ள உக்கார வெச்சிருக்காவ. தலையில ஹெட்போன் மாட்டியாச்சு. 'சத்தம் கேட்டா பட்டன அமுக்கு வாத்து'ங்காரு டாக்டர் கரடி."

"அமுக்குச்சா?" அவள் பக்கம் திரும்பி வாயசைத்தேன்.

"அமுக்குச்சி, அமுக்குச்சி. காதுக்குள்ள எப்பவும் வண்டு கத்துத மாதிரி ஒரு சத்தம் உண்டும்லா, அதக் கேட்டுக்கிட்டு அமுக்கிக்கிட்டே இருந்துச்சி. கரடி கிட்ட வந்து கேக்காரு, 'ஏலே வாத்து, நான் இன்னும் சத்தமே குடுக்கலயே. நீ எதுக்கு அமுக்குன?'"

நான் பாவாடையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன். அன்று அவள் என் தொடையில் தட்டவில்லை. "பொறவு?" என்று அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டேன்.

"பொறவு என்ன? வாத்து வீட்டுக்கு வந்துட்டு."

நிரந்தரமானவர்களில் சித்தி இல்லை. பயிற்சிக் காலம் முடிந்துவிட்டது என்று மட்டுமே அவளிடம் சொல்லியனுப்பினார்கள். காதைப் பற்றிய பேச்சு எங்கும் இல்லை. உறங்கும் வீட்டில் துக்கத்துக்கும் குரல் கிடையாது. அம்மா குழாயடியில் பாத்திரம் துலக்கியபடி அழுதார். அப்பா விழித்த பிறகும், என் காதில் விழாமலிருக்க, இருவரும் கைகளால் நெடுநேரம் வாதாடினார்கள். அந்தச் சைகைகளில் பல எனக்குப் புதியவை. என்னிடம், "சித்திக்கு ஊருல கல்யாணம், போவணும்லா" என்றார்கள்.

விடுதியில் அந்த வாத்தின் உண்மைக் குரலை மறுபடி கேட்ட அன்று மாலை அம்மாவுக்குத் தொலைபேசினேன். சித்தி ஏன் அந்த வசனங்களையெல்லாம் மாற்றிச் சொன்னாள் என்று கேட்டேன்.

"மாத்தலெல்லாம் இல்லட்டி. சத்தம் வெச்சிருந்தாலும் அவளுக்கு அந்த டிவிப் பொட்டியில என்ன பேசுதுன்னே கேட்டிருக்காது. நேருக்கு நேரா பேசினா வாயப் பாத்துப் புரிஞ்சுக்குவா. குசுகுசுன்னு பேசினா ஒண்ணும் விழாது. நம்ம வீட்டுல யாரு சத்தமா பேசினோம், நமக்குத் தெரியதுக்கு? கூடப் பொறந்த எனக்கே அந்த மெடிக்கலுக்குப் பொறவுதான் தெரியும்."

இப்போது தொழிலாளர் நலம் குறித்த வகுப்புகளில், எவ்வளவு ஒலியை எவ்வளவு நேரம் ஒரு காது தாங்கும் என்பதைப் பிறருக்கு விளக்குகிறேன். காதைப் பரிசோதிக்க வேண்டியது வேலையில் சேரும்போதும், வேலை செய்யும் காலம் முழுவதும்தான், அனுப்பிவிடுவதற்குக் காரணம் தேடும்போது மட்டுமல்ல என்றும் சொல்கிறேன். சித்தி, சிரித்தால் பயமூட்டும் அந்த மனிதரையே மணந்துகொண்டு தென்காசிப் பக்கம் இருக்கிறாள். அவள் வீட்டுத் தொலைக்காட்சி தெருமுனை வரை கேட்பதாக அவள் மகள் குறைப்பட்டுக்கொள்கிறாள். இவையெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டவை. அவள் புறப்பட்ட காலையில் எனக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது.

அன்று அப்பா நைட் முடித்து வந்து உறங்கிக்கொண்டிருந்தார். வாசலில் சேஃப்டி ஷூவுக்குப் பக்கத்தில் சித்தியின் பை இருந்தது. நான் சீருடையில் நின்றேன். சத்தமாக அழ வழியில்லை. போகாதே என்பதற்கு எங்கள் வீட்டு மொழியில் ஒரு சைகையும் இல்லை. அதற்குத் தேவை வரும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. ஆனால் என்னிடம் ஒருபோதும் தோற்காத ஒரு வழி இருந்தது. அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, காதோடு வாயை ஒட்டி, மூச்சுக் காற்றாலேயே சொன்னேன்: "போவாத சித்தி. நான் ஸ்கூல் விட்டு வரும்போது நீ இங்கதான் இருக்கணும்."

அவள் என் முகத்தை இரு கைகளாலும் ஏந்திப் பார்த்தாள். எப்போதும் போலப் புன்னகைத்தாள்.

"சரிட்டி தங்கம்" என்றாள்.

அன்று பள்ளியில் நான் மகிழ்ச்சியாக இருந்தேன். மாலை வீடு திரும்பியபோது வாசலில் ஷூ மட்டும் கிடந்தது. ஓசைப்படாமல் கதவைத் திறந்தேன். அம்மாவை ஏறிட்டுப் பார்க்காமல் தொலைக்காட்சியைப் போட்டு, மூலையில் பச்சை எழுத்தை ஒளிரவிட்டு, சுவரில் சாய்ந்து, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு உட்கார்ந்தேன். சித்திதான் சரி என்று சொல்லியிருந்தாளே. திரையில் பேருந்து வந்து நின்றது. வாத்து மூச்சிரைக்க ஓடிவந்து, கரடியைப் பார்த்து வாயைத் திறந்தது. அது பேசுவதற்காக நான் காத்திருந்தேன்.